காவலுக்கு வந்த படை
(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கந்துவட்டிக்காரனிடம் சிக்கியவன் ஒரே நாளிலா நிலத்தை இழக்கிறான்? முதலில் விதை நெல்லுக்கென்று நூறு ரூபாய் வாங்குகிறான். அந்த வட்டியைக் கட்ட இன்னொரு நூறு. அதற்கும் வட்டி கட்ட மறுபடியும் ஒரு கைநாட்டு. ஒவ்வொரு கடனுக்கும் காரணம், முன்னால் வாங்கிய கடன்தான். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வியத்நாமில் அமெரிக்க சர்க்கார் புகுந்த கதையும் இதுவே. ஒரே ஒரு வித்தியாசம். கைநாட்டு வைத்தவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள். வட்டி கட்டியவர்கள் வியத்நாம் குடியானவர்களும், அமெரிக்காவின் ஏழைவீட்டுப் பிள்ளைகளும்!

முதல் படி பணம். 1945 செப்டம்பர் 2-ந் தேதி ஹனாய் நகரில் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் செய்தார். பிரெஞ்சு ஏகாதிபத்தியவாதிகள் திரும்பி வந்தார்கள். 1946 டிசம்பரில் முழு யுத்தம் மூண்டது. 1950-ல் ட்ரூமன் சர்க்கார் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆயுதமும் டாலரும் கொடுக்கத் தொடங்கியது. 1954 வாக்கில் யுத்தச் செலவில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு அமெரிக்கப் பணம். அப்படியும் என்ன ஆயிற்று? சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டி, மலைப்பாதையில் தள்ளிக்கொண்டு போன குடியானவர்களின் பலத்தில், 1954 மே 7-ந் தேதி டியன் பியன் பூ கோட்டை வீழ்ந்தது.

இரண்டாவது படி பொம்மை ஆட்சி. 1954 ஜூலையில் ஜெனீவாவில் உடன்பாடு ஏற்பட்டது. 17-வது பாகைக்கோட்டில் நாடு தற்காலிகமாகப் பிரிந்து நிற்கும், 1956 ஜூலையில் நாடு முழுவதற்கும் தேர்தல் நடக்கும் என்பது ஏற்பாடு. அதைக் கண்காணித்த சர்வதேசக் கமிஷனுக்கு நமது இந்தியாதான் தலைமை வகித்தது. ஆனால் தெற்கே ஆண்ட இங்கோ டின் டியெம் தேர்தலை மறுத்தார். அமெரிக்கா அவருக்கு முட்டுக் கொடுத்தது. ஏன்? சண்டை நடந்த காலத்தில் தேர்தல் வைத்திருந்தால் நூற்றுக்கு 80 பேர் ஹோ சி மின்னுக்கு வாக்களித்திருக்கக் கூடும் என்று ஜனாதிபதி ஐசனோவரே பின்னாளில் எழுதினார்!

டியெம் ஆட்சி குடியானவனுக்கு என்ன செய்தது? பிரெஞ்சுக்காரர்களோடு யுத்தம் நடந்த காலத்தில் நிலப்பிரபுக்கள் ஓடிவிட்டார்கள். மீகாங் ஆற்றுப் படுகையில் உழுதவன் குத்தகை இல்லாமல் நிலத்தை அனுபவித்தான். டியெம் வந்ததும் நிலப்பிரபு திரும்பி வந்து குத்தகை கேட்டான். 1956-ல் நிலச் சீர்திருத்தம் என்று ஒரு சட்டம் வந்தது. அதன் உச்சவரம்பு 100 ஹெக்டேர், அதாவது சுமார் 247 ஏக்கர்! அப்படிப்பட்ட ஆட்சியை எந்தக் கூலிக்காரன் காப்பாற்ற முன்வருவான்?

ஜனங்கள் காப்பாற்றாத ஆட்சியை அந்நியன்தான் காப்பாற்ற வேண்டும். ஆகவே மூன்றாவது படியாக "ஆலோசகர்கள்" வந்தார்கள். 1961-ல் கென்னடி பதவியேற்றபோது இவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. 1963 முடிவில் சுமார் 16,000 பேர். அந்த நவம்பரில் டியெமை அவருடைய தளபதிகளே கவிழ்த்துக் கொன்றார்கள். கவிழ்க்கும் திட்டம் வாஷிங்டனுக்கு முன்பே தெரியும். பொம்மையை மாற்றியவனே புதிய பொம்மைக்கும் பொறுப்பாளி ஆனான்.

நான்காவது படி பொய். 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்கள் இரண்டு தடவை தாக்கப்பட்டன என்று ஜான்சன் சர்க்கார் அறிவித்தது. இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அந்தப் பொய்யின்மேல், யுத்தம் நடத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் தீர்மானம் நிறைவேறியது. கீழ்ச்சபையில் 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை. செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர்: வெயின் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங்.

ஐந்தாவது படியைக் கவனியுங்கள், தோழர்களே! 1965 மார்ச் 2-ந் தேதி வடக்கின்மீது தொடர்ச்சியான குண்டுவீச்சு ஆரம்பமாயிற்று. குண்டு வீசும் விமானத்துக்குத் தளம் வேண்டும். தளத்துக்குக் காவல் வேண்டும். மார்ச் 8-ந் தேதி டாநாங் கடற்கரையில் 3,500 கடற்படைச் சிப்பாய்கள் இறங்கினார்கள். வேலை காவல்தான் என்றார்கள். ஒரு தடவை தரைப்படையை இறக்கினால் பிறகு எல்லை கட்டி நிறுத்துவது கஷ்டம் என்று சைகோனிலிருந்த அமெரிக்கத் தூதர் டெய்லரே எச்சரித்திருந்தார். யார் கேட்டார்கள்? ஒரு மாதத்திற்குள் வெளியே போய்த் தாக்கலாம் என்று உத்தரவு வந்தது. அந்த ஆண்டு முடிவில் 1,84,000 பேர். 1969-ல் 5,43,000 பேர்!

எதற்காக இத்தனையும்? அதே மார்ச் மாதத்தில் ராணுவ இலாகாவின் உதவிச் செயலாளர் ஜான் மக்நாட்டன் ஒரு குறிப்பு எழுதினார். அமெரிக்காவின் நோக்கத்தில் நூற்றுக்கு 70 பங்கு, அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது. 20 பங்கு, அந்தப் பிரதேசம் சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பது. தென் வியத்நாம் மக்களின் நல்வாழ்வுக்கு 10 பங்கு! இந்த ரகசியம் 1971-ல் வெளியானது. கௌரவம் என்ற வட்டிக்காகத்தான் மனிதர்கள் மடிந்தார்கள்.

அந்த வட்டிக் கணக்கைப் பார்ப்போம். இந்தோசீனா முழுவதிலும் விழுந்த குண்டு 70 லட்சம் டன்னுக்கு மேல். வியத்நாம் சர்க்காரின் கணக்குப்படி மாண்டவர்கள் சுமார் 30 லட்சம். பெரும்பாலோர் ஆயுதம் ஏந்தாத ஜனங்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் 58,000 பேருக்கு மேல். அங்கே கல்லூரியில் படிப்பவனுக்குக் கட்டாயப் படைச் சேவை தள்ளிவைக்கப்பட்டது. தொழிலாளி மகனுக்குத் துப்பாக்கி கிடைத்தது.

நிறுத்தியவர்கள் யார்? பணிய மறுத்த வியத்நாம் மக்கள். படைச் சீட்டைக் கொளுத்தி வீதிக்கு வந்த அமெரிக்க இளைஞர்கள். 1973 மார்ச்சில் அமெரிக்கப் படை வெளியேறியது. 1975 ஏப்ரல் 30-ந் தேதி சைகோன் வீழ்ந்தது. பாடம் அத்தோடு முடிந்ததா? 2001-ல் ஆப்கானிஸ்தானில் இறங்கிய அமெரிக்கப் படை வெளியேற 2021 ஆகஸ்டு வரை ஆயிற்று.

தோழர்களே! ஐந்தாவது படியில் நின்று கேட்டால் பதில் வராது. "இவ்வளவு செலவழித்துவிட்டோமே, இவ்வளவு பேர் செத்துவிட்டார்களே" என்பார்கள். முதல் டாலர் போகும்போதே கேட்க வேண்டும்: இந்த உதவி உழுபவனுக்கா, அவனிடம் குத்தகை வாங்குபவனுக்கா? எந்த நாட்டு சர்க்கார் எந்த நாட்டுக்கு "உதவி" அனுப்பினாலும் இதே கேள்விதான். முதல் கைநாட்டிலேயே கையைப் பிடித்து நிறுத்துவோம்!