கண்ணில் வளரும் சதை
(பவானியில் உழவர்களிடையே நிகழ்த்திய உரை)



அண்மையில் மஞ்சள் தோட்டமொன்றில் இலைப்புள்ளி நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "ஏனுங்க சார், என்ற கண்ணுல சதை வளருதுங்க. இதுக்கும் மருந்து இருக்குதுங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் பயிர் வாத்தியார். கண் மருத்துவன் அல்லன். எனினும் என் தந்தையாருக்கு நேர்ந்ததை உங்களிடம் சொல்வது என் கடமை.

இச்சதையை மருத்துவர்கள் டெரிஜியம் என்பர். வெள்ளை விழியின் மேலுள்ள சவ்வு தடித்து, பெரும்பாலும் மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாகப் படரும். இது புற்றுநோய் அன்று, பிறருக்குத் தொற்றாது. கண்புரையும் வேறு, அது கண்ணுக்குள் இருக்கும் லென்சில் வருவது.

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களே முதன்மைக் காரணம். பக்கவாட்டில் விழும் ஒளி கருவிழியின் ஊடே சென்று மூக்கோரத்தில் குவிகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்றும், களத்துத் தூசியும் கண்ணை உறுத்தி நிலைமையை மோசமாக்கும். சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு ஒன்பது பத்துப் பேருக்கு இச்சதை இருந்தது. நகரத்தாரைவிடக் கிராமத்தாரிடம் கூடுதலாக இருந்தது.

என் தந்தையாருக்குக் கண் சிவக்கும்போதெல்லாம் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நானே வாங்கிக் கொடுத்தேன். ஒரே நாளில் சிவப்பு மறையும். இரண்டு ஆண்டுகளில் கண் நீர் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டு, ஒரு கண்ணில் பார்வை போயிற்று. பறித்தது சதை அன்று, சொட்டு மருந்து. நோயறியாமல் பயிருக்கு மருந்தடிக்காதீர் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்!

ஆகவே, கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. உருமால் தலையைக் காக்கும். கண்ணுக்கு நிழல் தராது. அகன்ற விளிம்புள்ள தொப்பி அணியுங்கள்.

2. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணியுங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி போதாது.

3. இயன்றவரை காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் காட்டு வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

4. தூற்றும்போது தூசி விழுந்தால் கண்ணைக் கசக்காமல் சுத்தமான நீரில் கழுவுங்கள்.

5. தழைச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர். மருத்துவர் எழுதித் தராத சொட்டு மருந்தும் வேண்டாம்.

சிறிய சதைக்கு அறுவை தேவையில்லை. சதை கண்மணியை நெருங்கினாலோ, பார்வை மங்கினாலோ, திடீரென வேகமாக வளர்ந்தாலோ உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். சதையை நீக்கி, அதே கண்ணின் மெல்லிய சவ்வை அவ்விடத்தில் ஒட்டுவார்கள். இம்முறையில் மீண்டும் வளர்வது குறைவு. அதன் பின்னும் தொப்பியும் கண்ணாடியும் வேண்டும்.

வாழைக்குக் காற்றுத் தடுப்பாகச் சவுக்கு நடுகிறோம். நம் கண்ணுக்கும் அத்தகைய காப்பு வேண்டாமா? வீட்டில் யார் கண்ணிலேனும் சதை தெரிந்தால், இம்மாதமே அரசு மருத்துவமனையிலோ கண் முகாமிலோ காட்டிவிடுங்கள்.