பராக்கும் பொச்சாப்பும்



பாடசாலைத் தவணை அறிக்கைகளிலே அடிக்கடி காணப்படும் குறிப்பு ஒன்றுண்டு. "கவனம் போதாது" என்பதே அது. யன்னலுக்கு வெளியே பார்த்திருந்த பிள்ளைக்கும் அந்தக் குறிப்புத்தான். செய்யச் சொன்னதைச் செய்யாமல் விட்ட பிள்ளைக்கும் அதுதான். ஏதோ நினைவில் ஆழ்ந்து, கூப்பிட்ட குரல் கேளாதிருந்த பிள்ளைக்கும் அதுதான். ஆனால் தமிழ்மொழி இம்மூவரையும் ஒரே சொல்லால் அழைப்பதில்லை. கவனம் தவறுவதைக் குறிக்கும் சொற்கள் நம்மிடம் பல உள. அவற்றுள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால், பிழை சொல்லோடு நிற்பதில்லை. ஆளையும் பிழையாக மதிப்பிட்டு விடுகிறோம்.

முதலிலே வீட்டுச் சொல்லாகிய பராக்கை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே இது "பிராக்கு" என்றும் வரும். கடைக்குப் போன பையன் நேரம் சென்று திரும்பினால், "எங்கை பிராக்குப் பாத்துக்கொண்டு நிண்டனி?" என்று தாய் அதட்டுவாள். வடமொழியிலே "பராக்" என்பது அப்பால் திரும்பியது, புறத்தே நோக்கியது எனப் பொருள்படும். அதே தாய் தன் கைக்குழந்தைக்குக் காகத்தையும் நிலாவையும் காட்டிச் சோறு தீத்துகிறாள். அதற்குப் பெயரும் "பராக்குக் காட்டுதல்" தான். பையனிடத்திலே குற்றமாக இருந்தது, குழந்தையிடத்திலே உபாயமாகி விடுகிறது.

இன்னொரு பராக்கும் உண்டு. கூத்திலே அரசன் கொலுவுக்கு வருமுன் கட்டியகாரன் தோன்றி, "பராக்! பராக்!" என்று கூவுகிறான். அங்கே அச்சொல்லுக்குப் பொருள் "கவனியுங்கள்" என்பது. கவனத்தை அழைக்கவும் கவனமின்மையைப் பழிக்கவும் ஒரே ஒலி பயன்படுவது முரண்போலத் தோன்றலாம். சற்று எண்ணிப் பார்த்தால் அதிலே ஓர் உண்மை இருக்கிறது. பராக்குப் பார்ப்பவன் கவனத்தைத் தொலைத்தவன் அல்லன். நாம் விரும்பாத ஓரிடத்தில் அதை வைத்திருப்பவன். அவ்வளவே.

அடுத்தது கவனயீனம். ஈனம் என்றால் குறைபாடு. விபத்துச் செய்திகளிலே சாரதியின் கவனயீனம் என்று படிக்கிறோம். இதையே நம்மவர் "கவலையீனம்" என்றும் வழங்குவர். இங்கே கவலை என்பது துயரமன்று; ஒரு பொருளின்மேல் உள்ள அக்கறை. பராக்கிலே கண் வேறிடம் போகிறது. கவலையீனத்திலோ கண் அந்த இடத்திலேயே இருக்கலாம், அக்கறைதான் இல்லை. ஆகவே பராக்கைச் சிரித்து மன்னிக்கும் நாம், கவலையீனத்துக்குப் பொறுப்புக் கேட்கிறோம்.

மூன்றாவது சொல் ஏட்டிலே தங்கிவிட்ட பழஞ்சொல்: பொச்சாப்பு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே இதனையும் ஒரு மெய்ப்பாடாக எண்ணுகிறார். திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது மறதிதான். ஆனால் எல்லா மறதியும் பொச்சாப்பு ஆகாது. செல்வத்திலும் வெற்றியிலும் மகிழ்ந்து, இனி என்ன குறை என்ற எண்ணத்திலே செய்யவேண்டியதைக் கைவிடும் மறதியே இங்கு பேசப்படுவது. அது அளவுகடந்த கோபத்திலும் தீயது என்பது வள்ளுவர் கருத்து. அவர் இந்த அதிகாரத்தை அரசியல் என்னும் பகுதியிலே வைத்திருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. கவனம் தவறினால் பெரும் கேடு விளைவது சிறுவரிடத்தில் அன்று, ஆள்வோரிடத்தில் என்பதை அந்த வைப்புமுறையே உணர்த்துகிறது.

இவற்றுக்கெல்லாம் மறுபுறத்திலே நிற்பது மெய்ம்மறத்தல். காளிதாசரின் சாகுந்தல நாடகத்தை நினைத்துப் பாருங்கள். துர்வாச முனிவர் ஆசிரம வாயிலிலே வந்து குரல் கொடுக்கிறார். துஷ்யந்தன் நினைவிலே ஒன்றிப்போயிருந்த சகுந்தலைக்கு அது கேட்கவில்லை. முனிவர் சினந்து சபிக்கிறார். நீ நினைப்பவன் உன்னை மறக்கக் கடவன் என்கிறார். நாடகத்தின் துன்பம் முழுவதும் இதிலிருந்தே விளைகிறது. அவர் கண்டது அசட்டை. அங்கே இருந்ததோ மெய்ம்மறதி. அவள் கவனம் சிதறவில்லை. முழுவதும் ஒன்றிலேயே குவிந்து கிடந்தது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சாபம் இடுமுன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அந்தக் கேள்வி நம் பேச்சு வழக்கிலே இருக்கிறது. பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பார்த்து, "என்ன பிள்ளை, யோசிக்கிறாய்?" என்று கேட்கிறோம். யோசனை என்பது நம்மவரிடையே சிந்தனையை மட்டும் குறிப்பதன்று, மனத்துயரையும் குறிக்கும். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றால் கவலைப்படாதீர்கள் என்பதே பொருள். வகுப்பிலே பாடம் கேளாதிருக்கும் பிள்ளை, நோயாளியான தாயை நினைத்துக்கொண்டிருக்கலாம். கட்டாத கடனுக்காக வீட்டிலே நடந்த சண்டையை நினைத்துக்கொண்டிருக்கலாம். நெஞ்சு நிறையக் கவலையுள்ள பிள்ளையைக் கவலையீனம் என்று கண்டிப்பது எத்துணை கொடுமை!

1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் கொட்டில்களிலும் மரநிழல்களிலும் இருந்து படித்தவர்கள். பாடத்தின் நடுவே வானில் இரைச்சல் கேட்டால் தலைகளெல்லாம் மேலே நிமிரும். அதனை எந்த ஆசிரியர் பிராக்கு என்று சொல்வார்? அது கட்டியகாரன் கூவிய மற்றப் பராக்கு. உயிரைக் காக்க எழுந்த கவனம்.

இன்று பெரிதும் வழங்குவது கவனச்சிதறல் என்னும் புதுச்சொல். டிஸ்ட்ராக்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இதனை எழுதுகிறோம். அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு வெவ்வேறு பக்கமாக இழுத்தல் என்று பொருள். இழுத்தல் என்றால் இழுப்பவன் ஒருவன் வேண்டும். சிதறல் என்றாலோ பொருள் தானாகச் சிதறியதுபோல் ஆகிவிடுகிறது. இழுத்தவன் மறைந்து விடுகிறான். கைத்தொலைபேசி மணிக்குப் பலதடவை ஒலித்தும் ஒளிர்ந்தும் நம்மைக் கூப்பிடுகிறது. பார்ப்பவரின் நேரத்தை விளம்பரத்துக்கு விற்பவர்கள் அதன் பின்னால் இருக்கிறார்கள். அங்கே நடப்பது வெறும் சிதறல் அன்று. நமக்குப் பராக்குக் காட்டுகிறார்கள். தாய் சோறு தீத்தப் பராக்குக் காட்டினாள். இவர்கள் எதற்காகக் காட்டுகிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

சொல் வேறானால் மருந்தும் வேறாகும். பராக்குக்கு ஒரு புன்சிரிப்பும் மெல்லிய அழைப்பும் போதும். கவலையீனத்துக்குக் கண்டிப்பு வேண்டும். பொச்சாப்புக்குத் துணிந்து இடித்துரைப்பார் வேண்டும். மெய்ம்மறதிக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். யோசனைக்குப் பக்கத்திலே வந்திருந்து காது கொடுக்கும் ஒருவர் வேண்டும். ஆகவே அறிக்கையிலே "கவனம் போதாது" என்று எழுதுமுன், அந்தப் பிள்ளையின் கவனம் எங்கே போயிருக்கிறது என்று கேட்டறிவோம். அதனை அறியாமல் எழுதும் குறிப்பிலே கவனம் போதாதது யாருக்கு என்பதை நேயர்களே சொல்லட்டும்.