உத்தரவை மறுத்த தளபதி

பிரஞ்சுத் தளபதி பொலார்தியேர் என்பவரைப்பற்றிச் சிறிது சொல்லுகிறோம். 1940-இல் நார்விக்கில் ஜெர்மானியரோடு பொருதியவர். ஆப்பிரிக்க யுத்தத்தில் கண்ணிவெடியில் காயப்பட்டவர். 1944-இல் பாரசூட்டில் இறங்கி, ஆர்டென் காட்டில் மறைந்திருந்து போராடியவர்களுக்குத் தலைமை வகித்தவர். மார்பு கொள்ளாத பதக்கங்கள்! அதுவரை சர்க்காருக்கு அவர் மகாவீரர்தான்.

1957-இல் அல்ஜீரியாவில், பிடிபட்டவர்கள் உடம்பில் மின்சாரம் பாய்ச்சியும் தண்ணீரில் அமுக்கியும் பிரஞ்சு ராணுவம் வாக்குமூலம் வாங்கிற்று. நாஜி செய்தால் பாதகம், பிரஞ்சுக்காரன் செய்தால் ராஜதந்திரமா? மேலதிகாரி மாஸ்யுவிடம் முடியாதென்று சொல்லி, தம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கேட்டார். பத்திரிகையில் கடிதமும் வெளியிட்டார். கிடைத்தது 60 நாள் கோட்டைக் காவல். வதைத்தவர்களுக்கோ 1962-இல் பொதுமன்னிப்பு!

ஆள் அடங்கினாரா? 1973-இல், பசிபிக் கடலில் தம் தேசம் நடத்திய அணுகுண்டுச் சோதனையை எதிர்த்துப் படகேறிப் போனார். பிரஞ்சுக் கடற்படையே அவரைப் பிடித்தது.