அண்டிப்பருப்பு எலும்பு

இடவப்பாதி மழை பிடித்தால் புதுக்கடை பக்கம் முற்றமெல்லாம் பாசி. வழுக்கினால் கையைத்தானே ஊன்றுவோம்? மணிக்கட்டு வீங்கும். தைலம் தடவ ஆசான் இருக்கிறார்தான். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

எலும்பில் உள்ள கால்சியம் கதிரை மறிக்கும். அதனால் படத்தில் வெள்ளை. 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தபோது, விரலெலும்பைவிட மோதிரம் அழுத்தமாக விழுந்தது.

ஒரே கைக்கு இரண்டு படம் எடுப்பது காசு பிடுங்க அல்ல. வளைந்த கரண்டியை நேர் மேலிருந்து பாருங்கள், நேராகத்தான் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். முறிவும் அப்படித்தான்.

கட்டைவிரலுக்குக் கீழே, அண்டிப்பருப்பு மாதிரி ஒரு எலும்பு: ஸ்கேபாய்டு. பொல்லாதது! அதில் விழுந்த விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமலே போகலாம். சந்தேகம் இருந்தால் டாக்டர் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுப்பார். அதற்குள் விரிசலின் ஓரம் கரைந்து கோடு தெளிந்திருக்கும். அவசரம் என்றால் எம்ஆர்ஐ. அதில் எக்ஸ்ரே கதிரும் கிடையாது. தசைநார் கிழிசலையும் அது காட்டும்.

'படத்தில் ஒன்றுமில்லையே' என்று கட்டை நீங்களாக அவிழ்த்துவிடாதீர்கள்.