தேனீக்குக் கூடு சொந்தமில்லை



ஒரு பெரிய நிறுவனத்தின் குத்தகை வேலையை மட்டுமே நம்பிச் சிறுதொழில் நடத்தலாமா? இதுதான் இன்றைய அரங்கின் தலைப்பு. லோரி வைத்துச் சாமான் ஏற்றுபவர், தொழிற்சாலைக்குச் சாப்பாடு அனுப்புபவர், துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்புபவர் எனப் பலருடைய பிழைப்பு இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. இதற்கு விடை தேட ஒரு விமான நிறுவனத்தின் கதை உதவும். ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நார்வே நாட்டில் அது இருந்தது. பெயர் பிஸி பீ. சுறுசுறுப்பான தேனீ என்று பொருள். 1966-இல் பிறந்தது, 1992 டிசம்பரில் மடிந்தது.

முதலில் அந்த நாட்டின் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நார்வேயின் மேற்குக் கரையில் மலைகளுக்கு இடையே கடல் நீர் நீண்ட விரல்களைப் போல உள்ளே புகுந்து நிற்கிறது. ஃபியோர்டு என்பார்கள். சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கும் மேல் நிலத்துக்குள் செல்கிறது. ஆழம் 1,300 மீட்டர். அதன் மேல் பாலம் கட்டுவது லேசான காரியமா? கரையோரமாகச் செல்லும் இ39 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இன்றும் பல இடங்களில் காரைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர வேண்டும். பெர்கன் நகரிலிருந்து வடக்கே மோல்டே, கிறிஸ்டியான்சுண்ட் ஊர்களுக்குச் சாலை வழியாகப் போனால் ஒரு பகல் கழிந்துவிடும். விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதனால்தான் கிறிஸ்டியான்சுண்டுக்கு 1970-லும், மோல்டேக்கு 1972-லும், தெற்கே ஹௌகசுண்டுக்கு 1975-லும் விமான நிலையங்கள் வந்தன.

ஆனால் இவை சிறிய ஊர்கள். தலைநகர் ஓஸ்லோவுக்குப் பெரிய விமானம் விட்டால் ஆள் நிறையும். ஒரு சிற்றூரிலிருந்து இன்னொரு சிற்றூருக்கு நூறு பேர் அமரும் ஜெட் விமானத்தை விட்டால் பாதி இருக்கைகள் காலியாகப் பறக்கும். இந்த இடைவெளியில்தான் தேனீக்கு வேலை கிடைத்தது.

தேனீயை வளர்த்தது பிராத்தன் குடும்பம். கப்பல் முதலாளி லுட்விக் பிராத்தன் 1946-இல் பிராத்தன்ஸ் சேஃப் என்ற விமான நிறுவனத்தைத் தொடங்கினார். சேஃப் என்றதும் பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம். தென் அமெரிக்கா, தூரக் கிழக்கு என்பதன் ஆங்கில முதல் எழுத்துகள் அவை. தம் கப்பல்களுக்கு மாலுமிகளையும் சாமான்களையும் அனுப்பத்தான் அவர் விமானம் வாங்கினார். ஹாங்காங் வரை அந்த விமானங்கள் வந்து போயின. 1954-இல் அந்த உரிமம் கைவிட்டுப் போனது. நார்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்திய எஸ்ஏஎஸ் நிறுவனமே வெளிநாட்டுத் தடங்களை ஆண்டது. பிராத்தன்ஸ் உள்நாட்டுக்குள் சுருங்கியது. உரிமம் இன்னொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பிராத்தன் குடும்பமே ஒருமுறை பட்டு அறிந்திருந்தது. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது நன்றாக விளங்கும்.

பிராத்தன்ஸ் நிறுவனம் 1969-இல் ஜெட் விமானங்களுக்கு மாறியது. ஆள் குறைந்த கரையோரத் தடங்களுக்குச் சுழல்விசிறி விமானம்தான் கட்டுபடியாகும். அந்த வேலை படிப்படியாகத் தங்கை நிறுவனத்துக்கு வந்தது. இடையில் ஏர் எக்ஸிகியூட்டிவ் நார்வே என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்தத் தங்கை, 1980-இல் மறுபடியும் பிஸி பீ ஆனது. ஃபோக்கர் எஃப்-27 விமானங்கள் அதன் உழைப்பாளிகள். இறக்கை மேலே, உடல் கீழே, இரண்டு விசிறிகள், நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள். பின்னர் அதன் இடத்தில் புதிய ஃபோக்கர் 50 வந்தது. சபா, சரவாக்கில் மாஸ் விமானத்தில் பறந்தவர்களுக்கு இந்த ஃபோக்கர் 50 பழக்கப்பட்ட விமானம்தான்.

இனி அந்தத் தொழிலின் நுணுக்கத்துக்கு வருவோம். விமானத் துறையில் 'வெட் லீஸ்' என்று ஒரு குத்தகை முறை உண்டு. வாடகை கார் எடுப்பது போன்றதல்ல இது. ஓட்டுநரோடு பேருந்தை அமர்த்துவது போன்றது. விமானம், விமானி, பணிப்பெண், பழுதுபார்ப்பு, காப்புறுதி எல்லாம் சிறிய நிறுவனத்தின் பொறுப்பு. பறந்த மணிக்கணக்குப்படி பெரிய நிறுவனம் கூலி கொடுத்துவிடும். டிக்கெட் விற்பது பெரியவர். கட்டணம் நிர்ணயிப்பது பெரியவர். நேர அட்டவணை போடுவதும் பெரியவர்.

கேட்கும்போது எவ்வளவு சுகமாக இருக்கிறது! விமானத்தில் பத்துப் பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் அதே கூலி. விளம்பரச் செலவு இல்லை. டிக்கெட் முகவருக்குக் கழிவு இல்லை. பிஸி பீ பெரும்பாலும் இப்படித்தான் பறந்தது. நார்வே படைவீரர்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தமும் அதற்குக் கிடைத்தது. அதற்காகப் போயிங் 737 கூட வைத்திருந்தது. படைவீரர்களும் தாமாக டிக்கெட் வாங்கி வந்த வாடிக்கையாளர்கள் அல்லர். கணக்குப் பார்த்தால், கொழுத்த வாடிக்கையாளர் இரண்டே பேர்தான்.

சுகத்தின் விலை எங்கே இருக்கிறது? விமானத்தில் ஏறிய பயணி தான் பிராத்தன்ஸ் டிக்கெட்டில் போவதாகவே அறிவார். இருபது ஆண்டு அவரைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தாலும் அவர் தேனீயின் பயணி ஆகமாட்டார். தடமும் தேனீயினுடையது அன்று. ஒப்பந்தம் சுருங்கும் நாளில் கையில் மிஞ்சுவது விமானத்தின் தவணைக் கடனும் சம்பளப் பட்டியலும்தான். 'அக்காள் நிறுவனம் கைவிடுமா?' என்று அவையில் யாரேனும் கேட்கலாம். குடும்பத் தொழிலிலும் தனக்குப் போகத்தான் தானம்.

நாட்டின் நிலைமையும் சரியில்லாமல் போனது. 1986-இல் எண்ணெய் விலை விழுந்தது. எண்ணெய் நாடான நார்வேக்கு அது பலத்த அடி. அதைத் தொடர்ந்த வங்கி நெருக்கடி 1991-இல் உச்சம் தொட்டது. நாட்டின் மிகப் பெரிய வங்கிகளையே அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு வளைகுடாப் போர். உலகெங்கும் விமானப் பயணம் குறைந்தது. பெரிய நிறுவனங்கள் செலவைச் சுருக்கும்போது முதலில் வெட்டுவது எதை? வெளியே கொடுத்திருக்கும் வேலையைத்தானே. 1992 டிசம்பரில் பிஸி பீ திவாலானது. கிறிஸ்துமஸ் மாதத்தில் விமானிகளும் பொறியாளர்களும் பணிப்பெண்களும் வேலையின்றி நின்றார்கள்.

கதையின் சுவையான பகுதி இனிமேல்தான். நிறுவனம் மூடியதால் ஃபியோர்டுகளுக்குப் பாலம் வந்துவிடவில்லை. பெர்கனிலிருந்து ஹௌகசுண்ட், மோல்டே, கிறிஸ்டியான்சுண்ட் போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். பயிற்சி பெற்ற விமானிகளும் அங்கேயே இருந்தார்கள். ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்ட அதற்கென்று தனித் தகுதிச் சான்று வேண்டும். புதியவரைத் தயார் செய்யப் பணமும் காலமும் பிடிக்கும். அந்தச் சான்றுதான் அவர்களுடைய சொத்து. 1993 ஜனவரி 22-இல், ஏறக்குறைய ஒரே மாதத்தில், பிஸி பீயின் முன்னாள் ஊழியர்கள் புதிய நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். குத்தகைக்கு எடுத்த மூன்று ஃபோக்கர் 50 விமானங்கள். பெயர் நார்வீஜியன் ஏர் ஷட்டில்.

வேலை கொடுத்தது யார்? அதே பிராத்தன்ஸ்தான். தடமும் அதே கரையோரத் தடம், முறையும் அதே குத்தகை முறை. சூடு கண்ட பூனை மறுபடியும் அடுப்பங்கரைக்கே போனது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் வேலை இழந்து நிற்பவருக்கு வேறு வழி இருந்ததா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலில் வயிறு. அவர்கள் செய்தது தவறென்று சொல்ல முடியாது.

ஒன்பது ஆண்டு ஓடியது. இதற்கிடையே 1994-இல் நார்வே உள்நாட்டு வானத்தைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. 1998 ஆகஸ்டில் கலர் லைன் என்ற படகு நிறுவனம் கலர் ஏர் என்ற மலிவு விமானச் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஓஸ்லோவுக்குக் கார்டர்மூன் என்ற பெரிய விமான நிலையமும் வந்தது. மூன்று நிறுவனங்களும் விமானங்களைக் கூட்டிக் கட்டணங்களைக் குறைத்து மல்லுக்கு நின்றன. பயணிகளுக்குக் கொண்டாட்டம். கலர் ஏர் 1999 செப்டம்பரில் மூச்சை விட்டது. அதோடு மோதிய பிராத்தன்ஸும் நஷ்டத்தில் நொடித்து, 2001-இல் பழைய போட்டியாளரான எஸ்ஏஎஸ் கைக்கே விலை போனது. முதலில் மறுத்த போட்டி ஆணையம், வேறு வழியில்லை என்று பின்னர் சம்மதித்தது.

புதிய எசமானர் எஸ்ஏஎஸ்ஸுக்குச் சொந்தமாகவே சிறு விமானங்கள் இருந்தன. வெளியாள் எதற்கு? நார்வீஜியனின் கரையோர ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. 1992 மறுபடியும் வாசலில் வந்து நின்றது.

இந்த முறை அவர்கள் வேறு முடிவு எடுத்தார்கள். முன்னாள் போர் விமானியும் வழக்கறிஞருமான பியோர்ன் ஷோஸ் பங்குதாரர்களில் ஒருவர். அந்த ஆண்டுதான் தலைமைப் பொறுப்பை ஏற்றார். போயிங் 737 விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து, 2002 செப்டம்பர் 1-இல் ஓஸ்லோவிலிருந்து பெர்கன், டிரோண்ட்ஹைம், ஸ்டாவாங்கர், டிரோம்சோ ஆகிய நகரங்களுக்குச் சொந்தப் பெயரில் பறக்கத் தொடங்கினார்கள். சொந்தமாக டிக்கெட் விற்றார்கள். வெற்று இருக்கையின் நஷ்டம் முதல்முறையாக அவர்களுடையது ஆனது. நிறைந்த விமானத்தின் இலாபமும் அவர்களுடையதே.

சொந்தப் பெயர் கிடைத்தால் ஆபத்து தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. ஆசை பெருகியது. 2012-இல் ஒரே மூச்சில் 222 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2017-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குக்கூட வந்தார்கள். சாங்கியில் அந்தச் சிவப்பு மூக்கு விமானத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். 2019 ஜனவரியில் அந்தச் சேவை நின்றது. கோவிட் காலத்தில் கடன் கழுத்தை நெரிக்க, நீதிமன்றப் பாதுகாப்பை நாடி, 2021-இல் நெடுந்தூரப் பயணங்களை அடியோடு கைவிட்டுத்தான் உயிர் பிழைத்தார்கள். ஒரே எசமானரை நம்பிய தேனீ ஒருவிதமாக விழுந்தது. கடன்காரரை நம்பிய வாரிசு இன்னொரு விதமாக விழப் பார்த்தது. இரண்டில் எது மோசம் என்று அடுத்துப் பேச வருகிறவர்கள் மோதிப் பார்க்கட்டும்.

ஒரு செய்தி மட்டும் பாக்கி இருக்கிறது. 1934-இல் தொடங்கி, நார்வேயின் குறுகிய ஓடுபாதைகளில் சிறு விமானங்களை இறக்கியே பெயர் வாங்கிய நிறுவனம் விடரோ. ஒரு காலத்தில் அது எஸ்ஏஎஸ் வசம் இருந்தது. 2024 ஜனவரியில் அந்த விடரோவை விலை கொடுத்து வாங்கியது நார்வீஜியன். மேற்குக் கரையின் சிற்றூர்களுக்கு இன்று பறக்கும் விடரோவின் சுழல்விசிறி விமானங்களுக்கு உரிமையாளர், மூடிப்போன பிஸி பீயின் ஊழியர்கள் தொடங்கிய அதே நிறுவனம்தான்.