கவுண்டருக்கு அந்தப் பக்கத்துச் சொல்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கீவேர்டு பற்றிப் பேசக் கவிதை எழுதுகிறவனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவனில்லை; பேங்க் கிளார்க். பதினோரு வருஷமா கவுண்டரில் (சிரிக்காதீங்க, பேங்க் கவுண்டரைத்தான் சொல்றேன்) உட்கார்ந்து ஒன்றைக் கற்றுக்கொண்டேன். தாளில் அச்சடித்திருக்கிற சொல் வேறு, எதிரே நிற்கிறவர் வாயிலிருக்கிற சொல் வேறு. தாளில் 'கல்விக்கடன் வட்டி மானியம்'. அந்தப் பிள்ளை கேட்பது, 'சார், படிக்கிறப்பவே லோனுக்கு வட்டி கட்டணுமா?' இரண்டும் சந்திக்காவிட்டால் அது பேசாமல் வீட்டுக்குப் போய்விடும்.

நீங்கள் இணையத்தில் போடப்போகும் பக்கத்தின் தலைப்பைப் பார்த்தேன். 'ஆதிதிராவிட மாணாக்கருக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டங்கள்: ஒரு பார்வை'. அரசாணை தோற்றது போங்க. இதை யார் தேடுவது? பன்னிரண்டாவது முடிச்ச பொண்ணு, அண்ணன் போனை வாங்கி 'எஸ்சி ஸ்காலர்ஷிப் அப்ளை பண்றது எப்படி'ன்னு தட்டும். அதையும் பாதி நேரம் இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டும்.

அதற்காக 'ஸ்காலர்ஷிப்' என்ற ஒற்றைச் சொல்லைக் குறிவைக்காதீர்கள். தேடுகிறவர்கள் ஏராளம், உண்மைதான். ஆனால் அரசுத் தளங்களும் பெரிய பத்திரிகைகளும் அங்கே ஏற்கனவே துண்டு போட்டு உட்கார்ந்திருக்கின்றன. தவிர, அதைத் தட்டுகிறவருக்கு வேண்டியது பள்ளிக்கூடத்துக்கா, வெளிநாட்டுப் படிப்புக்கா என்பதே தெரியாது. 'எஸ்சி ஸ்காலர்ஷிப் வருமான வரம்பு எவ்வளவு' என்று தட்டுகிறவர் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவருடைய தேவை பளிச்சென்று தெரிகிறது. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கு, 2020-21 முதல் 2025-26 வரைக்குமான நெறிமுறையில் ஆண்டுக்கு 2.5 லட்சம். இந்த ஒரு வரியைப் பக்கத்தின் மேலேயே வையுங்கள். வரம்பு மாறினால் அன்றைக்கே மாற்றுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் போதும்.

எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்க்க கூகுளின் கீவேர்டு பிளானர் இருக்கிறது. விளம்பரதாரருக்காகச் செய்த கருவி அது. விளம்பரத்துக்குக் காசு கட்டாதவருக்கு 'நூறிலிருந்து ஆயிரம்' என்று அகலமாகத்தான் காட்டும். தமிழ்த் தொடர்கள் பலவற்றுக்கு ஒன்றுமே காட்டாது. அதைப் பார்த்துவிட்டு யாருமே தேடவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தினமும் வருகிற தேடல்களில் 15 சதவீதம் இதற்குமுன் வந்தேயிராதவை என்று கூகுளே பலமுறை சொல்லியிருக்கிறது. கணக்கில் ஏறாததாலேயே இல்லாதவர்களாக்கப்பட்ட சனம், இன்னொருத்தன் கணக்கை நம்பி நம்மாளுங்களையே விட்டுவிடலாமா?

ஹாஸ்டல் வராண்டாவில் ஒரு நோட்டு வையுங்கள். கேட்கிற கேள்வியைக் கேட்டபடியே எழுதுங்கள். தமிழைத் திருத்தாதீங்க, அதுதான் முக்கியம். பிறகு ஒவ்வொன்றையும் தேடல் பெட்டியில் தட்டினால், கூடவே கீழே என்னென்ன விழுகிறது என்று தெரியும். பக்கம் போட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து சர்ச் கன்சோலைத் திறந்தால், எந்தெந்தச் சொல்லுக்கு நம் பக்கம் தலைகாட்டியது, எதற்குத் திறந்தார்கள் என்று வரும். அதை வைத்துத் தலைப்பை மாற்றலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். 'ஆதிதிராவிடர்' என்பது சும்மா கிடைத்த பெயரில்லை. இழிபெயர்களுக்குப் பதிலாக அதை வைக்கச் சொல்லி 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் எம்.சி. ராஜா. துறையின் பெயரிலும் அது இருக்கிறது. ஆகவே தலைப்பில் 'எஸ்சி', முதல் பத்தியில் 'ஆதிதிராவிடர்'. பழைய இழிபெயரைத் தட்டித் தேடுகிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். எண்ணிக்கை கிடைக்கும் என்பதற்காக அதை நம் பக்கத்தில் ஏற்றமாட்டேன். 'தட்டுறது நம்ம பையனா இருந்தா?' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அவன் அடுத்த தடவை 'எஸ்சி' என்று தட்டுவான். விண்ணப்பத்தில் அப்படித்தானே கேட்கிறார்கள். அதுவரைக்கும் ஒருத்தனை இழக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரே சொல்லை முப்பது தடவை திணிக்கிற வேலை வேண்டாம், கூகுள் அதைத் தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாத கீவேர்டு டேகை வரிசைப்படுத்துவதற்குத் தான் பார்ப்பதேயில்லை என்று 2009லேயே அது சொல்லிவிட்டது.

அடுத்த ஞாயிறு நோட்டோட வாங்க. உட்கார்ந்து பார்ப்போம்.