பளபளக்கும் தரையும் எங்கள் அம்மாக்களும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் பேச வந்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நாம் இன்று தரை துடைப்பதைப் பற்றிப் பேசுவோம்.

இந்தக் கல்லூரியில் தரை துடைக்காமல் வெளியேறியவர்கள் நம்மில் எவருமில்லை. வகுப்பறையின் சிவப்புச் சீமெந்துத் தரைக்குப் பொலிஷ் பூசி, பாதித் தேங்காய் மட்டையைக் காலால் மிதித்துத் தேய்த்தோம். அந்தப் பழக்கத்தோடுதான் வீட்டுத் தரையையும் பார்க்கிறோம்: மினுங்கினால் சுத்தம்.

இன்று ஊரில் பல வீடுகளில் போர்சலின் தரையோடு வந்துவிட்டது. பேச்சில் எல்லாவற்றையும் ‘மாபிள்’ என்றே சொல்கிறோம். பிள்ளைகள் நாங்கள் மூவரும் காசு சேர்த்து, விறாந்தை முதல் குசினி வரை அம்மாவுக்கு வெள்ளை மாபிள் பதித்துக் கொடுத்தோம். எட்டாம் மாதம், துடைத்து ஈரம் காயாத குசினி வாசலில் அம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டருகே தொடையெலும்பு முறிந்தது. நாங்கள் ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவர் சொன்னது: “மாபிளுக்கு ஒண்டும் நடக்கேல்லைப் பிள்ளை.”

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுவதனால் இறக்கிறார்கள். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். இதையெல்லாம் படித்திருந்த நாங்கள் ஓட்டின் நிறத்தைப் பார்த்தோம்; அதன் வழுக்கலைப் பார்க்கவில்லை.

போர்சலின் ஓடு ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுவது. தன் நிறையில் 0.5 சதவீதத்துக்கு மேல் அது நீரை உறிஞ்சாது. அதனால்தான் கறை இலகுவில் பிடிப்பதில்லை. அதனாலேயே, நாம் ஊற்றும் தண்ணீரும் சவர்க்காரமும் மேலேயே நிற்கின்றன. நமது கிணற்று நீரோ சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவது. இரசாயனவியல் வகுப்பில் படித்த ‘நீரின் வன்மை’ நினைவிருக்கும். நுரை வரவில்லையென்று இன்னும் ஒரு கைப்பிடி சலவைத் தூள் போடுகிறோம். அதன் மீதி படலமாகத் தங்கி, அடுத்த முறை ஈரம் பட்டதும் வழுக்குகிறது. எங்கள் வீட்டிலும் நடந்தது இதுதான்.

இனிச் செய்யவேண்டியவை. முதலில் மணலை நன்றாகக் கூட்டி எடுங்கள். மணலோடு துடைத்தால் மினுக்கிய ஓட்டில் கீறல் விழும். இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் மென்மையான தரை கழுவும் திரவம், போத்தலில் குறித்த அளவு மட்டும். மற்றதில் வெறும் தண்ணீர். துணியை இறுக்கிப் பிழிந்து துடைத்து, வெறும் தண்ணீரால் மறுபடி துடைத்து, பழைய சாரமொன்றால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். அறையில் ஒரு பாதி காய்ந்த பின்னரே மறு பாதி. அப்போதுதான் வயதானவர் நடக்க ஒரு காய்ந்த வழி எப்போதும் இருக்கும். பொரிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், முழுக்கு நாளில் சொட்டும் எண்ணெய், சிந்திய பவுடர் ஆகியவற்றை உடனே துடையுங்கள். பொலிஷும் மெழுகும் போர்சலினுக்கு வேண்டாம்; அவை உள்ளே இறங்கா, வழுக்கலைத்தான் கூட்டும். ஓடுகளுக்கு இடையிலுள்ள சீமெந்துக் கோடுகளுக்கு அப்பச்சோடாவும் பழைய பல்துலக்கியும் போதும். அமிலம் ஊற்றினால் அந்தச் சீமெந்தையே அரித்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். வெளிற்றும் திரவத்தையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். ‘இரண்டும் சேர்ந்தால் இன்னும் வெள்ளையாகும்’ என்பது தவறு. வெளிவருவது குளோரின் வாயு. கதவைப் பூட்டிக்கொண்டு குளியலறை கழுவி, இருமலும் மூச்சுத்திணறலுமாக வருபவர்களை வைத்தியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். அப்படி நேர்ந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். மூச்சு முட்டினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். உங்கள் வீட்டில் உதவிக்கு வருபவருக்கும் இதைச் சொல்லுங்கள். கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.

யாராவது விழுந்தால் பதறிக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கால் கட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால், அல்லது எழும்ப முடியாத வலி இருந்தால், நடக்க வைக்காமல் அம்புலன்ஸை அழையுங்கள்.

புதிதாக ஓடு பதிப்பவர்கள் குளியலறைக்கும் விறாந்தைக்கும் சொரசொரப்பான ஓட்டைத் தெரிவுசெய்யுங்கள். ஏற்கெனவே பதித்தவர்கள் குளியலறையில் கைபிடி பூட்டுங்கள். நழுவும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். தேய்ந்த செருப்பை மாற்றுங்கள்.

அம்மா இப்போது கைத்தாங்கியோடு நடக்கிறார். வீட்டுத் தரை முன்போல மினுங்குவதில்லை என்று அவருக்குக் கொஞ்சம் குறைதான். எங்களுக்கு அது பரவாயில்லை.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும், வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் ஊரிலுள்ள அம்மாவிடம், பெரியம்மாவிடம், நமக்குப் படிப்பித்த ரீச்சரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “தரை துடைக்கிற நேரம் நீங்கள் எங்கே இருக்கிறனீங்கள்?” காசு அனுப்பியதோடு நமது கடமை முடிந்துவிடவில்லை.